டீசல் என்றொரு மனிதர்

நுழையும்முன்

பள்ளிப் பேருந்து எரிபொருள் நிலையத்தில் நிற்கும்போது அங்குள்ள பலகையைப் பாருங்கள். பெட்ரோல் என்ற சொல்லுக்கு அருகில் டீசல் என்ற சொல் இருக்கும். சரக்குந்து, உழுவை எந்திரம், கப்பல், நீரிறைக்கும் பம்புசெட்டு எனப் பலவும் அதனால் ஓடுகின்றன. அச்சொல் ஓர் எண்ணெயின் பெயர் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அவர் படைத்த எந்திரத்துக்கு முதலில் அப்பெயர் சென்றது. எந்திரத்திலிருந்து எண்ணெய்க்குச் சென்றது. அவரோ ஒரே ஓர் எண்ணெயை நம்பி வாழும் எந்திரத்தைப் படைக்க விரும்பியவர் அல்லர்.

பிறந்த ஊரும் பெற்றோர் நாடும்

ருடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஜெர்மனியின் பவேரியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். பிழைப்புத் தேடிப் பாரிசுக்குக் குடிபெயர்ந்தவர்கள். தந்தை தியோடர் நூல்களுக்கு அட்டை கட்டும் தொழில் கற்றவர். பாரிசில் தோற்பொருள்கள் செய்து விற்றார். செய்த பொருள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. பெற்றோரின் மொழி ஜெர்மன். அவன் பள்ளியில் படித்த மொழி பிரெஞ்சு. இரு மொழிகளுக்கு இடையே வளர்வது எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவன் பாரிசின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குச் சென்றான். அங்கே பழைய நீராவி வண்டி ஒன்றும் பலவகை எந்திரங்களும் இருந்தன. அவற்றின் முன் அமர்ந்து படம் வரைவான். படிப்பிலும் சிறந்து விளங்கினான். பன்னிரண்டாம் வயதில் அவனுக்கு வெண்கலப் பதக்கம் ஒன்று கிடைத்தது.

அதே 1870ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் பிரசியா தலைமையிலான ஜெர்மானிய அரசுகளுக்கும் போர் மூண்டது. நேற்றுவரை அண்டை வீட்டாராக இருந்த ஜெர்மானியர் இன்று பகை நாட்டாராயினர். டீசல் குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இலண்டனுக்குச் சென்றது. அங்கு வருவாய் போதவில்லை. எனவே பெற்றோர் தம் பன்னிரண்டு வயது மகனைத் தந்தையின் சொந்த ஊராகிய ஆக்சுபர்க்கில் வாழ்ந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினர். ஓர் ஆண்டுக்குள் மூன்று நாடுகள், மூன்று மொழிகள்.

ஆக்சுபர்க்கில் அவனை ஏற்றுக்கொண்ட சித்தப்பா முறையினர் தொழிற்பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர். அவர் வீட்டில் அன்பும் இருந்தது, ஒழுங்கும் இருந்தது. பதினான்காம் வயதில் தான் பொறியாளனாக வேண்டும் என்று ருடால்ஃப் பெற்றோருக்கு மடல் எழுதினான். மகன் விரைவில் பொருளீட்டித் தம் சுமையைக் குறைக்க வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். ஆயினும் 1875ஆம் ஆண்டு மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரி உதவித்தொகை அளிக்க முன்வந்தபோது, அவர் அவ்விருப்பத்தை மீறிக் கல்லூரியில் சேர்ந்தார்.

வீணாகும் வெப்பம்

மியூனிக்கில் கார்ல் வான் லிண்டே என்னும் பேராசிரியர் வெப்ப இயலைக் கற்பித்தார். குளிரூட்டும் எந்திரங்களை உருவாக்கிப் புகழ்பெற்றவர் அவர். நீராவி எந்திரம் தான் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கையோ அதனினும் குறைவாகவோதான் வேலையாக மாற்றுகிறது என்று அவர் வகுப்பில் விளக்கினார். எஞ்சிய ஒன்பது பங்கும் வீணாகிறது. அக்காலத்து ஐரோப்பாவின் ஆலைகள், தொடர்வண்டிகள், கப்பல்கள் அனைத்தும் நீராவியால் இயங்கின. பத்து மூட்டை நிலக்கரி எரித்து ஒரு மூட்டையின் பயனைப் பெற்று வந்த உலகம் அது. இளைஞர் டீசலின் உள்ளத்தில் அந்தக் கணக்கு முள்ளாகத் தைத்தது. வெப்பத்தை வீணாக்காத எந்திரம் ஒன்றைச் செய்ய முடியுமா என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்தார்.

1879இல் இறுதித் தேர்வு நெருங்கியபோது நச்சுக் காய்ச்சலில் படுத்துவிட்டார். மறுதேர்வுக்குக் காத்திருந்த காலத்தில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரப் பட்டறையில் வேலை கற்றார். 1880 சனவரியில் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார். பின்னர் லிண்டேயின் பனிக்கட்டி ஆலையை நிறுவும் பொறுப்பேற்றுப் பாரிசுக்கே திரும்பினார். பத்தாண்டுகள் பனிக்கட்டி செய்தே வாழ்க்கை நடந்தது. 1883இல் மார்த்தா என்பாரை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். பகலில் குளிரூட்டும் வேலை. எண்ணமெல்லாம் வெப்ப எந்திரத்தில்.

தீப்பொறி இல்லாத தீ

மிதிவண்டிச் சக்கரத்துக்குக் கைப்பம்பால் காற்றடித்திருக்கிறீர்களா? விரைந்து அடித்தால் பம்பின் அடிப்பகுதி சூடேறும். காற்றை அழுத்தினால் அது வெப்பமடையும் என்பதே அதன் காரணம். தென்கிழக்காசிய மக்கள் இவ்வுண்மையை நெடுங்காலமாகவே தீ மூட்டப் பயன்படுத்தி வந்தனர். ஒரு குழலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, இறுக்கமான தண்டொன்றை ஓங்கி அடித்து உள்ளே செலுத்துவர். குழலில் அடைபட்ட காற்றின் சூட்டில் பஞ்சு கனன்றுவிடும்.

டீசல் எந்திரத்தின் உயிர்நாடி இதுவே. உருளைக்குள் முதலில் வெறுங்காற்று மட்டும் நுழைகிறது. உந்துதண்டு அதனைப் பதினைந்து, இருபது மடங்கு சிறிதாகும்படி நெருக்குகிறது. காற்றின் வெப்பம் 500 பாகை செல்சியசையும் கடக்கிறது. அந்நேரத்தில் எரிபொருளைத் துளித்துளியாகத் தெளித்தால் தீப்பொறி எதுவும் இல்லாமலே அது பற்றிக்கொள்கிறது. எரியும் வளி விரிந்து உந்துதண்டைத் தள்ளுகிறது. அழுத்தம் மிகுதி என்பதால் வெப்பத்தில் கூடுதலான பங்கு வேலையாக மாறுகிறது.

இக்கருத்துக்கு 1892இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1893 பிப்ரவரியில் அது கிடைத்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் தம் கொள்கையை ஒரு நூலாகவும் வெளியிட்டார். ஆக்சுபர்க் எந்திர ஆலையும் குருப் நிறுவனமும் பொருளுதவி செய்ய இசைந்தன.

தாளில் எழுதிய எந்திரம் இரும்பில் எளிதாக இயங்கவில்லை. 1893 ஆகஸ்டு 10ஆம் நாள் முதல் சோதனை எந்திரத்தில் எரிபொருள் பற்றியது. பற்றிய வேகத்தில் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. எந்திரம் தன் வலுவில் ஓடவில்லை. ஆயினும் அழுத்திய காற்று எரிபொருளைத் தானே கொளுத்தும் என்பது அன்று மெய்ப்பட்டது. டீசலுக்கு அது போதுமானதாக இருந்தது. மாற்றியமைத்த எந்திரம் 1894 பிப்ரவரியில் ஏறத்தாழ ஒரு நிமிடம் தானே ஓடியது. அந்த ஒரு நிமிடத்தை நீட்டிக்க மேலும் மூன்றாண்டுகள் ஆயின. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் சுரோட்டர் அதனை முறைப்படி சோதித்தார். 20 குதிரைத்திறன் கொண்ட அவ்வெந்திரம், எரிபொருள் வெப்பத்தில் 26.2 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. வகுப்பறையில் கேட்ட பத்தில் ஒன்று, இப்போது நான்கில் ஒன்றாகிவிட்டது.

நிலக்கடலை எண்ணெயில் ஓடிய எந்திரம்

1897இன் சோதனைக்கு மண்ணெண்ணெய் பயன்பட்டது. ஆனால் டீசல் பலவகை எரிபொருள்களை எண்ணியிருந்தார். நிலக்கரித் தூளைக்கூட எரித்துப் பார்த்தனர், அது சரிவரவில்லை. எதிர்பாராத விடை 1900ஆம் ஆண்டு பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியில் கிடைத்தது.

அங்கே ஓட்டோ நிறுவனம் சிறிய டீசல் எந்திரம் ஒன்றை ஓட்டிக் காட்டியது. அதன் எரிபொருள் நிலக்கடலை எண்ணெய். அம்முயற்சி டீசலுடையது என்று பலர் எழுதிவிடுகின்றனர், அது சரியன்று. பிரெஞ்சு அரசே அதனை வேண்டியது. அவ்வரசின் ஆட்சியிலிருந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் நிலக்கடலை மிகுதியாக விளைந்தது. நிலக்கரியும் கல்நெய்யும் கப்பலில் வர வேண்டியிருந்தன. விளையும் இடத்திலேயே எண்ணெய் ஆட்டி எந்திரத்தை ஓட்டலாமே என்பது அதன் கணக்கு. கல்நெய்க்கென்று செய்த எந்திரத்தில் மாற்றம் எதுவும் செய்யாமலேயே கடலை எண்ணெயை ஊற்றினர். வேறுபாட்டைப் பார்வையாளர் பலர் உணரவே இல்லை. அவ்வளவு அமைதியாக அது ஓடியது.

டீசல் பின்னர்த் தாமும் இச்சோதனைகளைத் தொடர்ந்தார். 1912இல் இலண்டனில் எந்திரப் பொறியாளர் கழகத்தில் உரையாற்றியபோது இதனை எடுத்துக் கூறினார். செடியெண்ணெயின் பயன் அன்றைக்குச் சிறிதாகத் தோன்றினாலும் ஒருநாள் கல்நெய்க்கு நிகராகலாம் என்றும், பூமிக்குள் புதைந்த எரிபொருள்கள் தீர்ந்த பின்னும் கதிரவனின் வெப்பத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பயிர்களிலிருந்து உழவர் ஆற்றல் பெறலாம் என்றும் கருத்துத் தெரிவித்தார். கல்நெய் மலிவாகப் பெருக்கெடுக்கத் தொடங்கிய காலம் அது. இக்கருத்தைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே.

எந்திரம் வளர்ந்தது, அவர் தளர்ந்தார்

டீசலுக்கு வேறோர் ஆசையும் இருந்தது. நீராவி எந்திரம் பெருமுதலாளிக்கே உரியது. கைத்தறியாளரும் தச்சரும் தம் வீட்டிலேயே வைத்து ஓட்டத்தக்க சிறிய, சிக்கனமான எந்திரம் இருந்தால் அவர்கள் ஆலைகளோடு போட்டியிடலாம் என்று அவர் எண்ணினார். தொழிலாளர் கூடி வாழும் பொருளாதார முறையைப் பற்றி 1903இல் ஒரு நூலும் எழுதினார். அந்நூல் விலைபோகவில்லை. எந்திரமும் அவர் எண்ணிய சிறு பட்டறைகளுக்குச் செல்லாமல் ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் சென்றது. 1912இல் செலாண்டியா என்னும் டேனியக் கப்பல் டீசல் எந்திரத்தால் பெருங்கடல் கடந்தது.

உரிமத் தொகையாக வந்த செல்வம் அவரிடம் தங்கவில்லை. காப்புரிமை வழக்குகள் தொடர்ந்தன. தொடக்கத்தில் விற்ற எந்திரங்கள் பழுதாகித் திரும்பின. எண்ணெய்க் கிணறுகளிலும் நிலங்களிலும் இட்ட பணம் மூழ்கியது. உடல்நலமும் குன்றியது. மியூனிக்கில் கட்டிய பெரிய மாளிகையே கடனாக நின்றது.

1913 செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, இங்கிலாந்துக்குச் செல்ல ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறினார். இரவுணவு முடித்துத் தம் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாக இருந்தது, படுக்கை கலையவில்லை. சில நாள்களுக்குப் பின் வடகடலில் ஓர் உடலை மாலுமிகள் கண்டனர். அதனிடமிருந்து எடுத்த பொருள்கள் தந்தையுடையவை என்று மகன் ஆய்கன் அடையாளம் காட்டினார். சாவு எவ்வாறு நேர்ந்தது என்பது இன்றுவரை அறுதியிடப்படவில்லை. அப்போது அவருக்கு வயது 55.

புகையின் கணக்கு

அவருக்குப் பின் எந்திரம் கல்நெய்யிலேயே வளர்ந்தது. கிணற்றிலிருந்து வரும் மலிவான எண்ணெய்க்கு ஏற்பத் தெளிப்பான்களின் துளைகள் நுண்ணியவையாயின. சமையல் எண்ணெய் கெட்டியானது. குளிர்காலத்தில் தில்லி வீடுகளில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய எண்ணெய் நுண்துளைகளை அடைத்துக் கரியாகப் படிந்தது. இத்தடையை நீக்கும் வழியைப் பெல்ஜியம் நாட்டின் பிரசல்சு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷவான் என்பவர் 1937இல் காப்புரிமையாகப் பதிந்தார். செடியெண்ணெயோடு சாராயத்தைச் சேர்த்து வினைபுரியச் செய்தால் கனமான கிளிசரின் தனியே பிரிந்துவிடும். எஞ்சும் நீர்மம் டீசலைப் போல நெகிழ்ந்து ஓடும். அதனையே இன்று உயிரி டீசல் என்கிறோம்.

உயிரி டீசலின் புகை தூயதா என்ற வினாவுக்கு ஆம் என்று மட்டும் விடை கூறுவோர் பாதி உண்மையையே கூறுகின்றனர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கலப்பில்லாத உயிரி டீசலை எரித்தபோது கரித்துகளும் கார்பன் மோனாக்சைடும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. எரியாமல் தப்பும் ஹைட்ரோகார்பன்கள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. உயிரி டீசலிலேயே ஆக்சிஜன் கலந்திருப்பதால் அது நன்றாக எரிகிறது. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் 10 விழுக்காடு கூடின.

அது ஏன்? காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். மிகுந்த வெப்பத்தில் அது ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். எந்த எரிபொருளை ஊற்றினாலும் டீசல் எந்திரத்துக்குள் இது நிகழும். வெப்பத்தை வீணாக்காமல் இருக்க டீசல் கண்ட அதே மிகை அழுத்தமும் மிகை வெப்பமுமே நுரையீரலைத் தாக்கும் இவ்வளியைப் பிறப்பிக்கின்றன. அவர் செய்த சிக்கனத்தின் மறுபக்கம் இது. எரிபொருளை மாற்றுவதால் மட்டும் இது தீராது. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் நடைமுறையிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி வரும் புதிய சரக்குந்துகள் பலவற்றில் யூரியாக் கரைசலுக்கென்று தனிக் கலன் இருக்கும். புகைக்குழாயில் அக்கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகின்றனர்.

கழிவே எரிபொருளாக

உண்ணும் எண்ணெயை எரித்தால் அடுப்படியில் விலை ஏறும். ஆகவே அறிஞர் பார்வை கழிவின்மீது திரும்பியது. அப்பளமும் பூரியும் பொரித்து மீதமாகும் எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சினால் உடலுக்குக் கேடு. சாக்கடையில் ஊற்றினால் அடைப்பு. உணவகங்களிலிருந்து அதனைத் திரட்டி உயிரி டீசலாக மாற்றும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2018இல் தொடங்கியது.

வைக்கோலின் நிலை வேறு. நெல்லை அறுத்தபின் வயலில் நிற்கும் அடித்தாளை அரிதாள் என்பது பழந்தமிழ் வழக்கு. பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே சில வாரங்களே உள்ளன. அறுவடை எந்திரம் விட்டுச்செல்லும் அரிதாளை அகற்ற நேரமும் பணமும் இல்லாத உழவர் தீ வைக்கின்றனர். அக்டோபர், நவம்பர் மாதங்களில் தில்லியில் படிக்கும் உங்களுக்கு அப்புகையின் மணம் தெரியும். வைக்கோலில் எண்ணெய் இல்லை. ஆயினும் அதன் நாரை நொதிகளால் சர்க்கரையாக்கி, அதனை நொதிக்கவைத்து எத்தனால் எடுக்கலாம். எத்தனால் அழுத்தத்தில் எளிதில் தானே பற்றாது. எனவே அது பெட்ரோலோடு கலக்கவே ஏற்றது. ஆண்டுக்கு 2 இலட்சம் டன் வைக்கோலிலிருந்து ஏறத்தாழ 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் நோக்கத்தோடு அரியானாவின் பானிப்பட்டில் ஓர் ஆலை 2022இல் தொடங்கப்பட்டது.

அதன் தொடக்க நாள் ஆகஸ்டு 10. அந்நாளை நம் நாடு உலக உயிரி எரிபொருள் நாளாகக் கொண்டாடுகிறது. 1893இல் அதே நாளில் டீசலின் எந்திரம் கடலை எண்ணெயில் ஓடியது என்று விழா மேடைகளில் கூறக் கேட்கலாம். அன்று உருளையில் இருந்தது பெட்ரோல், எந்திரமும் ஓடவில்லை. ஓர் அளவைக் கருவிதான் வெடித்தது.

டீசல் விரும்பிய சிறிய எந்திரமோ அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானில் உருவானது. யமாவோகா மாகோகிச்சி என்னும் தொழிலறிஞர் 1933இல் உழவரும் மீனவரும் பயன்படுத்தத்தக்க சிறு டீசல் எந்திரத்தைச் செய்து முடித்தார். அவர் 1957இல் ஆக்சுபர்க் நகரப் பூங்கா ஒன்றில், டீசலின் நினைவாகக் கற்கள் அடுக்கிய ஜப்பானியத் தோட்டம் அமைத்துக் கொடுத்தார். பன்னிரண்டு வயதில் தனியே வந்திறங்கிய சிறுவன் படித்து வளர்ந்த ஊரில் அத்தோட்டம் இன்றும் இருக்கிறது.

சிந்தித்து எழுதுக

1. டீசல் எந்திரத்தில் தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றுவது எவ்வாறு? மிதிவண்டிப் பம்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.

2. உயிரி டீசலால் குறையும் மாசுகள் யாவை? கூடும் மாசு எது? அதற்குக் காரணம் என்ன?

3. உங்கள் வீட்டில் ஒரு மாதத்தில் பொரித்தபின் மீதமாகும் எண்ணெய் எவ்வளவு, அது எங்கே செல்கிறது என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.